பின்னால் போன தேர்

பயிற்சிக்குப் போய்விட்டு வந்தாலே எங்கள் தலைமையாசிரியர் சீனிச்சாமி சாருக்கு ஏதாவது பிடித்துக்கொள்ளும். போன வருஷம் மூலிகைத் தோட்டம். இந்த வருஷம் பாடத்தையே விளையாட்டாக்க வேண்டுமாம். குழு, புள்ளி, லெவல் என்று அடுக்கிவிட்டு, எட்டாம் வகுப்புக் கணக்கிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். அதாவது என் தலையில் கட்டினார்.

தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் வந்து போகிறவள் நான். ஆடிப்பூரத் தேர் பார்த்து வளர்ந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? சுவரில் ரத வீதியை வரைந்து, குழுவுக்கு ஒன்றாக அட்டைத் தேர் செய்து மாட்டினேன். சரியான பதிலுக்குத் தேர் ஒரு கட்டம் முன்னால் போகும். தப்பான பதிலுக்கு ஒரு கட்டம் பின்னால். வீதியைச் சுற்றி, புறப்பட்ட இடமான நிலைக்கு முதலில் வந்து சேர்கிற குழு ஜெயிக்கும். சார் போட்டோ எடுத்து எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டார்.

ஆரம்பத்தில் வகுப்பு அமர்க்களப்பட்டது. அப்புறம் பாண்டிச்செல்வம் ஒரு கணக்கைத் தப்பாகச் சொன்னான். நான் தேரைப் பின்னால் நகர்த்தினேன். வகுப்பே பதறிவிட்டது. தேரை யாராவது பின்னால் இழுப்பார்களா, ஊருக்கு ஆகாதே என்று ஆளாளுக்குப் புலம்பினார்கள். அவன் குழு அவனோடு பேசுவதையே நிறுத்தியது. அதற்குப் பிறகு, நிச்சயமாகத் தெரிந்தால் ஒழிய ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை.

என் வயிற்றெரிச்சல் மாரிக்கனிதான். நான் கேள்வியை முடிப்பதற்குள் நாலு தப்பைச் சொல்லி, அடுத்ததாகச் சரியைப் பிடித்துவிடுகிற பெண். உதவித்தொகைத் தேர்வில் தேறினால்தான் மேலே படிக்க வைக்க முடியும் என்று அவள் அப்பா வேல்சாமி என்னிடமே சொல்லியிருந்தார். அவளும் ஊமையாகிவிட்டாள். பின்னால் நகர்த்துகிற விதியை மட்டுமாவது எடுத்துவிடலாம் என்று சாரிடம் கெஞ்சினேன். கல்வி அதிகாரி வந்து பார்க்கும்வரை எதையும் தொடக் கூடாது என்றுவிட்டார்.

உதவித்தொகைத் தேர்வுக்கு ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். மாரிக்கனியின் விடைத்தாளில் பாதிக் கேள்விகளுக்கு ஒரு வட்டம்கூடக் கருப்பாக்காமல் வெள்ளையாகவே இருந்தது. உதவித்தொகைத் தேர்வில் தப்புக்கு மதிப்பெண் குறைக்கவே மாட்டார்கள் என்று தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஏட்டி, தெரியலைன்னாலும் ஏதாவது ஒன்னைக் கருப்பாக்குன்னு சொன்னேனா இல்லையா?"

"தப்பாயிட்டா தேரு பின்னால போயிரும்லா டீச்சர்" என்றாள், குனிந்த தலை நிமிராமல்.

கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பசையை எடுத்தேன். எல்லாத் தேரையும் நிலையில் கொண்டுபோய் ஒட்டினேன், பிய்த்தால் சுவரும் சேர்ந்து பெயர்கிற அளவுக்கு. ஓடி வந்த சார், எந்தக் குழு ஜெயித்தது, அதிகாரிக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார். தேரோட்டம் முடிந்துவிட்டது சார் என்றேன்.

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனதும், அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். மாரிக்கனி சுவரைப் பார்த்தாள்.

"அஞ்சுல ரெண்டு" என்றாள், சத்தமாக.

தப்பு. சுத்தமான தப்பு. அவள் வாயிலிருந்து ஒரு தப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! எனக்கு அழுகையே வந்துவிட்டது. கரும்பலகைக்கு வந்து போட்டுக் காட்டச் சொல்லி, சாக்பீஸை அவள் கையில் கொடுத்தேன்.