பூனைக்குப் பின்னால் ஒரு கூடம்

என் வீட்டுக்காரர் பகலில் பள்ளிக்கூடத்து ஓவிய ஆசிரியர், சாயங்காலம் ஊருக்குக் கட்டடம் வரைகிறவர். கட்டடக்கலை படித்துவிட்டு எதற்குப் பிள்ளைகளுக்கு ஆப்பிள் வரையச் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேட்டால், "ஆப்பிளை ஒழுங்கா பார்க்காதவன் கட்டின வீட்ல நீங்க இருப்பீங்களா?" என்பார். சாப்பாட்டுத் தட்டில்கூடப் பென்சில் சீவல் கிடக்கும்.

அவர் போய் இரண்டு மாதம் கழித்து, அவர் கட்டிய பள்ளி ஓவியக் கூடத்திலேயே இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ஆளாளுக்கு எழுந்து தங்கமான மனுஷன் என்றார்கள். அந்தத் தங்கத்தோடு குடித்தனம் நடத்தியவளை யாரும் பேசக் கூப்பிடவில்லை. நல்லதாகப் போயிற்று.

எனக்கு அன்று வேறு கவலை. பள்ளியில் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள், கூடத்துக்கு மாடி வேண்டுமாம். நகராட்சி இன்ஜினியரோ கூடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொல்கிறாராம். தலைமையாசிரியை அதை என் காதில் போட்டதும், முன்வரிசையில் இருந்த இன்ஜினியரைப் போய்ப் பிடித்தேன்.

"மாடிக்கும் சேர்த்துத்தான் அஸ்திவாரம் போட்டார். என்கிட்டயே சொல்லியிருக்கார்."

"இருக்கலாம்மா. தோண்டினா ஆழம் தெரியும். உள்ள என்ன கம்பி, எத்தனை கம்பின்னு வரைபடம் இருந்தாத்தான் தெரியும். ஆபீஸ்ல இருந்ததைக் கரையான் தின்னுடுச்சு. வெள்ளிக்கிழமை தீர்மானம் போடுறாங்க. அதுக்குள்ள உங்க வீட்ல கிடைச்சா கொடுங்க."

வீட்டில் எப்படிக் கிடைக்கும்? எங்கள் வீட்டின் மகா சண்டையே அதுதான். இந்தக் கூடத்துக்கு அவர் முதலில் வரைந்த தாள் காணாமல் போனது. "நீதான் குப்பைன்னு அடுப்புல போட்டிருப்ப" என்றார். நான் போடவில்லை. நாலு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி வரைந்து நகராட்சிக்குக் கொடுத்தார். அதற்கப்புறம் முப்பத்தொரு வருஷம், வீட்டில் எது தொலைந்தாலும் "அடுப்பைக் கேளு" என்பார். அவர் கட்டியதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தக் கூடம்தான். ஆளையே கொடுத்துவிட்டேன், இதையும் கொடுக்கச் சொன்னால் எப்படி?

கூட்டத்தில் கடைசியாக ஒரு பஸ் டிரைவர் எழுந்தார். வகுப்பில் தூங்கித் தூங்கி, என் வீட்டுக்காரரிடம் 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வாங்கிய ஆள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சார் வரைஞ்ச வீட்லதான் குடியிருக்கேன்" என்றார். அவ்வளவுதான், மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் எந்த வீட்டுக்கு அளவெடுத்தாலும் டேப்பின் மறுமுனையைப் பிடித்தவள் நான். இது எந்த வீடு? கூட்டம் முடிந்ததும் டிரைவரோடு கிளம்பிவிட்டேன்.

தெருமுனை திரும்பியதும் கால் நின்றுவிட்டது. அதே கூடம், பாதி அளவில். வடக்குப் பார்த்த அதே ஐந்து உயரமான ஜன்னல்கள், அதே அகலக் கதவு. மேடை இருக்க வேண்டிய இடத்தில், அதே உயரத்தில் சமையலறை. "ஊர்லயே மேடை ஏறிச் சமைக்கிறவ நான் ஒருத்திதான்மா" என்று மேலிருந்து சிரித்தாள் டிரைவரின் மனைவி.

டிரைவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். தலையணைக்குக் காது வைத்த மாதிரி, அன்று வகுப்பில் அவர் வரைந்த ஒரு பூனை. பத்துக்கு மூன்று மதிப்பெண். திருப்பினேன். என் வீட்டுக்காரரின் கைவண்ணம். ஓவியக் கூடம், கம்பிக் கணக்கு, தேதி, கையெழுத்து. 'மாடிக்கும் சேர்த்து' என்று இரண்டு முறை அடிக்கோடு. காகிதம் வீணாகக் கூடாது என்று கையில் அகப்பட்ட தாளின் பின்பக்கமெல்லாம் வரைகிற மனுஷன், திருத்திய தாள்களோடு இதையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

அடுப்பாம் அடுப்பு! இருக்கட்டும், வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்கிறேன் என்று எழுந்தேன். வீட்டில் ஆள் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கூட்டத்தில் வராத அழுகை.

டிரைவரின் மனைவி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, விஷயத்தைச் சொல்லித் தாளைக் கேட்டேன். மனசு கேட்காமல் இன்னொன்றையும் சொன்னேன்.

"தப்பா எடுத்துக்காத தம்பி. இது அவர் உனக்காக வரைஞ்சது இல்ல."

"தெரியும்மா."

"எப்பலேர்ந்து?"

"மறுநாளே சார் கிளாஸ்ல கேட்டார், யார்கிட்டயாவது அந்தத் தாள் வந்துச்சான்னு. நான் தூங்குற மாதிரி இருந்துட்டேன்."

"ஏம்ப்பா?"

"பத்துக்கு மூணு வாங்கின தாளைத் திருப்பினா, பின்னால ஒரு கட்டடமே நிக்குது. திருப்பிக் கொடுக்க மனசு வரலம்மா. அன்னிக்குப் பண்ணது திருட்டுத்தான்." தலையைக் குனிந்துகொண்டார். "எடுத்துட்டுப் போங்க. இனிமே என்கிட்ட இருக்கக் கூடாது."

கோபம் வரவேண்டும். முப்பத்தொரு வருஷம் அடுப்புப் பட்டம் சுமந்தது நான். ஆனால் வகுப்பிலும் போய்க் கேட்டிருக்கிறார் மனுஷன். தன்மேலும் சந்தேகம் இருந்திருக்கிறது. சொன்னாரா பாருங்கள், கல்லுளிமங்கன்.

வெள்ளிக்கிழமை டிரைவரையும் கையோடு நகராட்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன். இன்ஜினியர் கணக்கை மூன்று முறை பார்த்தார். "தாராளமா மாடி ஏத்தலாம். இடிக்க வேண்டாம்னு எழுதிடறேன்" என்றார். தாளை ஃபைலில் வைத்துக் கட்டப் போனார்.

"நகல் எடுத்து வச்சுக்குங்க. அசலை இவர்கிட்ட கொடுத்துடுங்க" என்றேன்.

"பள்ளிக்கூடத்து வரைபடம் இவர்கிட்ட எதுக்கும்மா?"

"அது இவர் வீட்டு வரைபடம் சார். வரைஞ்சவரோட சம்சாரம் நான் சொல்றேன்."