ஒரு சாண் கேமரா

என் மனைவி பார்வதம் இதுவரை எந்தப் போட்டோவிலும் கண்ணைத் திறந்ததில்லை. சும்மா சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கல்யாண ஆல்பம் கோவில்பதாகையில் எங்கள் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது, வந்து பாருங்கள். தாலி கட்டும்போது கண்ணை மூடியிருக்கிறாள். சரி, பக்தி என்று விட்டுவிடலாம். பந்தியில் ஜாங்கிரி கடிக்கும்போதும் மூடியிருக்கிறாளே, அதற்கு என்ன சொல்வீர்கள்? ஆதார் எடுக்கப் போன இடத்தில் பதினான்கு முறை முயன்றார்கள். பதினைந்தாவது முறை படம் எடுத்த பெண் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டது. முகத்துக்கு நேரே கடுகு வெடித்தால்கூட இமைக்காத பொம்பளை, கேமராவைக் கண்டால் மட்டும் இறுக்கி மூடிக்கொள்வாள்.

ஆடி மாதம் பூந்தமல்லியில் அவளுடைய அக்கா இறந்துபோனாள். காரியம் முடித்துத் திரும்பியவள் புடவைகூட மாற்றாமல் பீரோவைத் திறந்து, வீட்டில் இருந்த அத்தனை போட்டோவையும் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா போட்டோவுல எப்டி சிரிச்சிகினு கீது பார்த்தியா? நாளைக்கு நான் பூட்டேன்னா நீ எதுக்குய்யா மாலை போடுவ? உசுரோட கீறப்பவே எல்லாத்துலயும் செத்தவ மாரி கீறேன்."

வாயை மூடு என்று கத்தினேன். கத்தி என்ன, அவள் அழுதுகொண்டிருந்தாள். "கண்ணு தொறந்தாப்ல ஒரே ஒரு போட்டோ. அவ்ளோதான் கேக்கறேன்" என்றாள். எடுத்துக் கொடுக்காமல் விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் லேத் டர்னர். அதே கம்பெனியில் செபாஸ்டியன் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். இருபது வருஷப் பழக்கம், சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் மயிரிழையையும் அளக்கிற வெர்னியர் அளவுகோல் வைத்துக்கொண்டு அலைகிற மனுஷன். விஷயத்தைச் சொன்னதும் ஞாயிற்றுக்கிழமை ஸ்டாப்வாட்சோடு வீட்டுக்கே வந்து, டீ குடிக்கிற சாக்கில் பார்வதம் கண் இமைப்பதை அரை மணி நேரம் அளந்தான்.

"செல்போன்லாம் வேலைக்காவாது மச்சான். டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கு. பட்டனை அமுத்திப் புட்ச்சினா செகண்டுக்கு மூணு நாலுன்னு போய்கினே இருக்கும். தங்கச்சி எத்தினி வாட்டி கண்ணை மூடினாலும் நடுவுல ஒண்ணு மாட்டும்."

அன்றைக்கே பட்டாபிராம் போனோம். அங்கே ஸ்டுடியோ வைத்திருக்கும் ஹேமநாதன் புதிதாக ஒன்று வாங்கிவிட்டதால் பழைய கேமராவைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். கையில் வாங்கிப் பார்த்தால் முன்னால் வெறும் ஓட்டை.

"லென்ஸ் எங்க?"

"இது பாடி மட்டும்தான் அண்ணாத்தே. லென்ஸ் தனி."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. லாரி தனி, சக்கரம் தனி என்று எவனாவது விற்பானா? ஹேமநாதன் பொறுமையானவர். "இந்த பாடிக்கு இதே கம்பெனி லென்ஸ்தான் உக்காரும். எங்க வாங்கினாலும் பாடியை எடுத்துகினு போய் மாட்டிப் பார்த்து வாங்குங்க" என்று இரண்டு முறை சொன்னார்.

வெளியே வந்ததும் செபாஸ்டியன் சிரித்தான். "சொம்மா பயமுறுத்தறான். எம்-எட்டு போல்ட்டுக்கு எந்தக் கம்பெனி நட்டு போட்டாலும் ஏறுதா இல்லியா? உலகத்துல ஸ்டாண்டர்டுன்னு ஒண்ணு கீது மச்சான்."

முப்பது வருஷம் நட்டும் போல்ட்டும் கடைந்த எனக்கு அது மறுக்க முடியாத நியாயமாகப் பட்டது.

ஆனாலும் ஹேமநாதன் சொன்னபடி பாடியை எடுத்துக்கொண்டுதான் போயிருப்பேன். பார்வதம் விடவில்லை. எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும், வெள்ளிக்கிழமை சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டாமல் வாசல் தாண்டக்கூடாது. போன வருஷம் வாங்கிய ஹெல்மெட் ஐந்து நாள் சாமி அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த ஐந்து நாளில் ஆவடி சிக்னலில் நான் இரண்டு முறை அபராதம் கட்டினேன். இப்போது ஹெல்மெட் இருந்த இடத்தில் கேமரா உட்கார்ந்துகொண்டது.

ஆகவே புதன்கிழமை சாயங்காலம் திருநின்றவூருக்கு வெறுங்கையோடு போனோம். ஏரிக்கரைப் பக்கம் குடியிருக்கும் ஒரு பெரியவர் ஐம்பது எம்.எம். லென்ஸ் ஒன்றை மலிவாக விற்றார். "எந்தக் கம்பெனி கேமரா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "அத்தெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் சார்" என்று சொல்லிவிட்டு செபாஸ்டியன் வெர்னியரை எடுத்து லென்ஸை நாலு பக்கமும் அளந்தான். அளந்து டைரியில் குறித்துக்கொண்டான். எதோடு ஒப்பிட என்று அவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாட்டினால் ஏறவில்லை. கேமராவின் வாய் சின்னது, லென்ஸின் இடுப்பு பெரிது. செபாஸ்டியன் கேமராவின் வாயையும் அளந்து டைரியில் குறித்துக்கொண்டான், பத்து மில்லி வித்தியாசம். முருகனுக்கு முன்னாலேயே நின்று அமுக்கிப் பார்த்தேன், திருகிப் பார்த்தேன், செபாஸ்டியன் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தடவலாமா என்று கேட்டான். பார்வதம் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா, சேரலியா?"

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு ஆமாம் என்று எப்படிச் சொல்வது? "நான் சேர்க்காத ஜாயிண்டு ஒண்ணு இன்னும் பொறக்கல" என்றேன்.

வியாழக்கிழமை கம்பெனியில் அலுமினியம் ராடு ஒன்றை எடுத்து லேத்தில் மாட்டினேன். ஒரு பக்கம் கேமராவுக்கு, மறு பக்கம் லென்ஸுக்கு. நடுவில் ஒரு வளையம், அவ்வளவுதான் வேலை. ஆனால் செபாஸ்டியன் நண்பன் என்பதை மறந்து இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டான். டிராயிங் இல்லாமல் பீஸ் வெளியே போகாது என்றான். டிராயிங் போட்டேன். ஜாப் கார்டு கேட்டான். பாகத்தின் பெயர் என்ற இடத்தில் 'பார்வதம் ரிங்' என்று எழுதினேன். முதல் வளையத்தை ஒரு மயிரிழை பெரிது என்று குப்பையில் போட்டான். இரண்டாவதில் பிசிறு இருக்கிறது என்று சிவப்பு மை அடித்தான். அடிக்கப் போய்விட்டேன், பக்கத்து மெஷின்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். மூன்றாவது வளையத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஃபினிஷிங் பிரமாதமா இருக்கே. யார் கஸ்டமர்?"

"பார்வதம் சார். ரொம்ப கறார் பார்ட்டி" என்றான் செபாஸ்டியன்.

"நல்ல பார்ட்டி மாதிரி தெரியுது. டெலிவரி லேட் பண்ணிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் வெள்ளிக்கிழமை லீவு போடுவதில் சிரமம் இருக்கவில்லை. காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வளையத்தை வைத்துத் திருகினேன். டொக் என்று உட்கார்ந்தது. அப்படி ஒரு பொருத்தம். இனி அதை யாராலும் கழற்ற முடியாது. இன்றுவரை முடியவில்லை.

பெருமையோடு கண்ணில் வைத்துப் பார்த்தேன். ஹாலின் மறுகோடியில் பார்வதம் மஞ்சளாக ஒரு புகை மாதிரி தெரிந்தாள். கடிகாரம் இருந்த இடத்தில் வெள்ளைப் புகை. முருகன் நீலப் புகை. லென்ஸை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகினேன், வீடு முழுக்கப் புகைதான். ஹேமநாதனுக்குப் போன் போட்டேன். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, பிறகு சொன்னார்: "லென்ஸ் இருக்க வேண்டிய எடத்த விட்டு உங்க ரிங்கு அதைத் தள்ளி நிறுத்திடுச்சு அண்ணாத்தே. இனிமே தூரத்துல கீறது தெரியாது. ஒரு சாண் தூரத்துல இன்னா கீதோ அது மட்டும் தெரியும்."

ஒரு சாண்! கட்டைவிரலை நீட்டிப் பார்த்தேன். நகத்தில் இருந்த கிரீஸ் அழுக்குவரை தெரிந்தது. என் அழுக்கைப் பார்க்கவா இத்தனை பாடு? போனையும் கேமராவையும் மேஜைமேல் வைத்துவிட்டு, பனியனோடு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒரு போட்டோகூட என்னால் முடியவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பார்வதம் பூஜைத் தட்டோடு வந்தாள். "பூஜ போடாத தொட்டா அப்டித்தான் ஆவும். இங்க குடு" என்று கேமராவைத் தன் பக்கம் திருப்பினாள். பாடியில் மூன்று இடத்தில் சந்தனம் வைத்தாள். மேலே பூ வைத்தாள். பிறகு, நான் தடுப்பதற்குள், லென்ஸின் கண்ணாடிக்கு நட்டநடுவில் கட்டைவிரலால் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு.

"அடிப்பாவி! கண்ணாடி மேலயா வெப்ப? தொடை, தொடை மொதல்ல!"

"சாமிக்கு வெச்சத எதுக்குய்யா தொடைக்கணும்?" என்று முனகிக்கொண்டே, நான் கேமராவைத் தூக்கிப் பிடிக்க, முந்தானையால் துடைத்தாள். துடைத்தவள் கையை நிறுத்தினாள்.

"ஏய், இதுல நான் தெரியறேன்."

குனிந்து கண்ணாடிக்குள் தன்னைப் பார்த்தாள். குங்குமக் கையாலேயே நெற்றிப்பொட்டைச் சரிசெய்தாள். முன்முடியை ஒதுக்கினாள். இந்தக் கன்னத்தைத் திருப்பி, அந்தக் கன்னத்தைத் திருப்பி, கண் மையை விரல் நுனியால் இழுத்துவிட்டாள். கேமராவைப் பார்க்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினேன். விடவேயில்லை.

ஒரு சாண் தூரத்தில் முழு முகம் அடங்காது. ஒரு படத்துக்கு ஒரு கண், ஒரு புருவம், அவ்வளவுதான். இருபத்தாறு படத்தில் ஏழு இடது கண், ஐந்து வலது கண், மீதி காதும் மூக்குத்தியும். பன்னிரண்டு கண்ணும் திறந்திருந்தன. அகலமாக, மை வைத்து, குங்குமக் கறையில் லேசாகச் சிவந்து.

ஹேமநாதன் இடது கண் ஒன்றையும் வலது கண் ஒன்றையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பக்கம் பக்கமாக ஒரே ஃபிரேமில் மாட்டிக் கொடுத்தார். ஹாலில் மாட்டியிருக்கிறோம். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒரு எட்டுப் பின்னால் போனார். செபாஸ்டியன் இரண்டு கண்ணுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை வெர்னியரால் அளந்து, சரியாக இல்லை என்று குறை சொல்கிறான்.

பார்வதம் மாத்திரம் முதல் நாள் நாற்காலி போட்டு ஏறி நின்று, மூக்கு ஃபிரேமில் இடிக்கப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். என்னமோ தப்பு கண்டுபிடித்துவிட்டாள் என்று எனக்குப் பயம்.

"யோவ், இங்க வா. என் கண்ணுக்குள்ள பாரு."

பார்த்தேன். இடது கண்ணின் கருவிழியில், பனியனோடு, கேமராவைப் பிடித்துக்கொண்டு நான் நின்றுகொண்டிருந்தேன். வலது கண்ணிலும் நான்தான்.

"அப்ப செலவு மிச்சம்" என்றாள் பார்வதம், ஃபிரேமை முந்தானையால் துடைத்தபடி. "நான் மொதல்ல பூட்டாலும் சரி, நீ பூட்டாலும் சரி, இதுக்கே போட்டுடலாம். ரெண்டு பேரும் கீறோமே, ஒரே மாலை போதும்."