பலகையைப் பார்த்து நிற்பவன்

மனிதகுலம் கண்டுபிடித்ததிலேயே மட்டமான வேலை, சிற்றம்பு எறியும் டார்ட்ஸ் பலகைக்குப் பக்கத்தில் சாக்பீஸோடு நின்று கழித்தல் கணக்குப் போடுவதுதான் என்று, அப்பாவைத் தகனம் செய்துவிட்டு வந்த கையோடு லூயிஸ் அறிவித்தான். அவன் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிப்பவன். அவன் அப்பா ரே, இப்போது எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்த இதே மதுக்கடையில் இருபது வருடம் அந்த வேலையைச் செய்தவர். இங்கிலாந்தின் ஸ்டோக் ஊரில் படித்த பிள்ளைகளை மன்னித்துவிடுவார்கள்.

தங்கையின் பெயர் ஜோடி, பதினாறு வயது. பன்னிரண்டிலேயே வளர்ந்த ஆண்களை டார்ட்ஸில் தோற்கடித்து, அவர்கள் வீட்டு நிம்மதியைக் கெடுத்தவள். தொழில்முறை ஆட்டக்காரியாக அவளுடைய முதல் போட்டி, மறுநாள் லெஸ்டர் நகரில். போகவே கூடாது என்று மொரீன் அத்தை மறித்து நின்றாள்.

"அப்பன் சாம்பல் இன்னும் சூடு ஆறலடி."

"ஆறட்டும் அத்தை. அதுக்குள்ள நான் போய் ஆடிட்டு வந்துடறேன்."

"இந்த நெலமையில உங்க மாமாவையே ஜெயிக்க மாட்ட நீ."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா போ."

உள்ளூர்ச் சாம்பியனான கிளைவ் மாமா பீரைக் கீழே வைத்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

ஆனால் கணக்குப் போட ஆளில்லை. அந்த ஆள், ஆட்டம் முடியும்வரை பலகையைப் பார்த்தபடியே நிற்க வேண்டும். எறிபவர் பக்கம் முகத்தைத் திருப்பக் கூடாது. ரே நின்ற இடத்துக்குப் போக ஒருவரும் எழவில்லை. அப்படியென்றால் ஆட முடியாதே என்று மாமா சற்று நிம்மதியோடு சொன்னார்.

லூயிஸ் போய்ச் சாக்பீஸை எடுத்தான்.

"உனக்குக் கழிக்கத் தெரியுமாடா?" என்றாள் ஜோடி.

"தத்துவம் முழுக்கக் கழித்தல்தான். எறி."

அம்புகள் அவன் காதோரமாக வந்து குத்தின. ஒவ்வொருவரின் ஐந்நூற்றொன்றிலிருந்தும் குத்திய எண்களை, பக்கத்துக் கரும்பலகையில் அவன் எழுதினான், கழித்தான்; முதலில் பூஜ்யத்தைத் தொடுபவருக்கு வெற்றி. மாமாவுக்கு நாற்பது மிச்சம். ஜோடிக்கு முப்பத்திரண்டு, பதினாறு இரட்டிப்பாகும் ஓரக் கட்டத்தில் குத்தினால் முடிந்தது. முதல் அம்பு கம்பிக்கு வெளியே விழுந்தது. இரண்டாவதும் அப்படியே.

மூன்றாவது, மெல்லிய பச்சைக் கட்டத்துக்குள் ஆடாமல் நின்றது.

கடை அதிர்ந்தது. வழியில் சாப்பிட என்ன கட்டித் தரட்டும் என்று அத்தை கேட்டது அந்தச் சத்தத்திலும் கேட்டது. லூயிஸ் இனித் திரும்பலாம், ஜெயித்தவரோடு முதலில் கைகுலுக்க வேண்டியவனும் கணக்குப் போட்டவன்தான்.

"டேய் லூயிஸ்" என்று ஜோடி கூப்பிட்டாள்.

அவன் திரும்பவில்லை. ஏற்கெனவே துடைத்து முடித்திருந்த கணக்குப் பலகையை, மேலிருந்து கீழாக, இன்னொரு முறை துடைத்துக்கொண்டிருந்தான்.