முழங்கால் வலி வலுவற்ற வாதம்

பார்சல் கவுன்டரில் பதினோரு வருஷம் நின்றேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நின்றேன். எங்கள் கம்பெனியில் கவுன்டருக்கு நாற்காலி கிடையாது. சூப்பர்வைசருக்கு உண்டு, அதுவும் சுழலும். அந்தப் பதவிக்கு எழுத்துத் தேர்வு. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எழுத விடமாட்டார்கள். எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

தேர்வில் ஒரு பகுதி, வாதங்களை எடைபோடுவது. ஒரு கேள்வி கொடுத்து, கீழே இரண்டு வாதம் போட்டிருப்பார்கள். எது வலுவானது, எது வலுவற்றது என்று குறிக்க வேண்டும். கம்பெனி கொடுத்த வழிகாட்டியை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் ஒரு மாதம் உயிரை வாங்கினார்.

"உணர்ச்சி, சொந்த அனுபவம் எல்லாம் வலுவில்லாதது. நீ என்ன நினைக்கிறன்னு யாரும் கேக்கல, புரியுதா?"

"அது கல்யாணமான அன்னைக்கே புரிஞ்சுபோச்சு" என்றேன்.

தேர்வில் பதினேழாவது கேள்வியைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. 'கவுன்டர் ஊழியர்களுக்கு நாற்காலி தர வேண்டுமா?' முதல் வாதம்: ஆம், நாள் முழுவதும் நின்றால் முழங்கால் வலிக்கும். இரண்டாவது: இல்லை, ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளரின் நம்பிக்கை குறையும். எந்தப் புண்ணியவான் தயாரித்தானோ! அவர்களுக்கு என்ன விடை வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கை கேட்டால்தானே? முழங்காலுக்குத்தான் 'வலுவானது' என்று அழுத்திக் குறித்தேன்.

ஒரே ஒரு மார்க்கில் போய்விட்டது.

வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "தெரிஞ்சே தப்பா போட்டியா? கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு?" மறுநாளே என்னைத் தேர்வு அதிகாரியிடம் இழுத்துக்கொண்டு போனார்.

அதிகாரி நல்ல மனுஷர். அதுதான் வம்பே. "கேள்வி புரியலைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா. அதுக்கு ஒரு மார்க் போட விதி இருக்கு."

"நல்லாவே புரிஞ்சுது சார். உங்க விடைதான் தப்பு."

"இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லையேம்மா."

"யாரும் சொன்னதில்லைங்கிறது வலுவில்லாத வாதம் சார். உங்க வழிகாட்டியிலயே போட்டிருக்கு."

வீட்டுக்காரர் என் இடுப்பில் இடித்தார். அதிகாரி கோபப்படாமல் பேனாவை நீட்டினார். "நாளைக்கு பாஸானவங்க லிஸ்ட் தலைமை அலுவலகத்துக்குப் போயிடும்மா."

முழங்கால் விண்விண் என்று தெறித்தது. 'கேள்வி எனக்குப் புரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

முதல் தேதி அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பாழாய்ப்போன நாற்காலி, அவ்வளவு சுகம்! மதியம் கவுன்டர் பெண் காலை மாற்றி மாற்றி ஊன்றியபடி என் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்களும் அங்க நின்னவங்கதானே. எங்களுக்கு ஒரு நாற்காலி கேட்டுக் குடுங்களேன்."

"எழுதிக் குடு, மேல அனுப்புறேன். ஆனா கால் வலிக்குதுன்னு மட்டும் எழுதாத. அது எடுபடாது" என்றேன்.

சொல்லும்போதே என் மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை.