மார்லிஸின் தாள்

நல்ல ஆட்டக்காரனுக்கான விதிகள் என் வீட்டு பேஸ்மென்ட் சுவரில் ஒட்டியிருக்கின்றன. எல்லாம் நான் சொன்னவை. என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும் என்பதால் எங்களோடு ஆடிய மார்லிஸ் எழுதித் தந்தாள். சனிக்கிழமை மதியங்களில் லோர்னா கதையை நடத்துவாள். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டுவோம்.

மார்ச்சில் மார்லிஸ் புற்றுநோயில் போய்விட்டாள். அதுவரை ஆட்டத்துக்கே வராத அவள் கணவன் வெர்லின், அவளுடைய வைத்தியச்சி பாத்திரத்தின் விவரங்கள் எழுதிய தாளோடு வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். தாள் முழுக்க அவளுடைய பென்சில் எழுத்து.

"இங்கயாவது அவ உயிரோட இருக்கட்டும்," என்றான்.

லோர்னா அழுதாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆட வந்த இடத்தில் வாராவாரம் இழவு வீடா?

போன சனிக்கிழமை ஒரு பூதம் வைத்தியச்சியை அடித்து வீழ்த்தியது. இருபது முகப் பகடையில் மூன்று தடவை பத்துக்குக் கீழே விழுந்தால் சாவு. வெர்லின் உருட்டினான். நான்கு. அப்புறம் ஏழு.

"டெல், உன் திருடன்கிட்ட மருந்துக் குப்பி இருக்குல்ல?" என்றாள் லோர்னா. திருடன்தான் என் பாத்திரம்.

"இருக்கு. ஆனா அவன் குடுக்க மாட்டான். பாத்திரம் என்ன செய்யுமோ அதைத்தான் செய்யணும். முதல் விதியே அதுதான்."

வெர்லின் என்னைப் பார்த்தான். "அந்தக் குப்பி மார்லிஸ் குடுத்தது, டெல். உன் ஆளு சாகக் கிடந்தப்ப, தன்கிட்ட இருந்த ரெண்டையும் உனக்கே குடுத்துட்டதா வீட்டுல வந்து சொன்னா."

"ஒண்ணைக் குடிச்சுட்டேன். இன்னொண்ணு இப்ப என்னுது. உருட்டு."

இரண்டு விழுந்தது.

செத்த பாத்திரத்தின் தாளை ஆடியவனே கிழித்துக் குப்பையில் போட வேண்டும். அது எங்கள் மேசையின் வழக்கம்.

"வேணாம் வெர்லின், வீட்டுக்கு எடுத்துட்டுப் போ," என்றாள் லோர்னா.

நான் சுவரைக் காட்டினேன். தோற்றால் முகம் சுளிக்காதே என்பது கடைசி விதி. வெர்லின் மெதுவாகக் கிழித்தான். நான்கு துண்டு. குப்பையில் போட்டுவிட்டு வந்து எனக்குக் கை கொடுத்தான்.

பிறகு சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றான். "இந்த விதித் தாளை நான் எடுத்துக்கவா? இதுவும் அவ எழுதினதுதான்."

"முடியாது. அது மேசையோடது."

"சரி," என்றான். முகம் சுளிக்கவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாக நின்று படித்தான். கோட்டை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினான். லோர்னா பகடைகளைக்கூட எடுக்காமல் அவன் பின்னாலேயே போய்விட்டாள்.

மேசையில் கொறிக்க வைத்திருந்த பொரித்த சீஸ் துண்டுகள் இன்னும் சூடாகத்தான் இருந்தன. நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.