நான்காவது கீறல்

பெட்டியில் கிடத்தியிருந்த அப்பாவின் கோட்டுக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தபோது ஜெனிட்டாவின் போன் அதிர்ந்தது. திருத்தங்கள் அனுப்ப இன்றே கடைசி நாள் என்று குழுவிலிருந்து நினைவூட்டல்.

தார்நாகா ஆய்வுக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அப்பா கிதியோனுக்கு, களிமண்ணில் கீறி எழுதிய ஆப்பெழுத்துதான் பைத்தியம். பழங்காலக் களிமண் பலகைகளின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே கிடப்பார், சோறு ஆறிப்போகும். அந்த எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் கொடுக்கும் குழு ஒன்று வெளிநாட்டில் இருந்தது. நான்கு கீறல்கள் கொண்ட ஒரு புது எழுத்தை அவர் கண்டுபிடித்துச் சொல்ல, அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்; எண் கொடுப்பதுதான் பாக்கி. அன்று வீட்டில் பிரியாணி.

போன வாரம், அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, அதே பலகையின் தெளிவான படம் வந்தது. நான்காவது கீறல் யாரும் எழுதியதல்ல. மண் காய்ந்து வெடித்த விரிசல்.

"எண்ணு குடுத்துட்டா பெறவு எடுக்கவே மாட்டாவம்மா. தப்பா இருந்தாலும் உலகம் உள்ள மட்டும் நிக்கும். வேண்டாம்னு எழுதிப் போட்டுரு" என்றார், மூச்சு வாங்க.

மறுநாள் கேட்டபோது, போட்டாயிற்று என்று சொல்லிவிட்டாள். பொய். அப்பாவுக்கென்று மிஞ்சப்போவது அந்த ஓர் எழுத்துதான், அதை அழிக்க அவளுக்கு மனசு வரவில்லை. அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நிம்மதிதான் இப்போது அவளைத் தின்றது.

அண்ணன் ஜோசியாவைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள்.

"நக்கோ ஜெனி, வேண்டாம், விட்டுரு. யாருக்குத் தெரியப்போவுது? அப்பா பேர்ல ஒண்ணாவது இருக்கட்டுமே."

தண்ணீர் குடிக்க வந்த அம்மா ஞானசௌந்தரி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அவிய என்னட்டி சொன்னாவ?"

"எடுக்கச் சொன்னாங்கம்மா."

"பெறவு என்ன யோசன? ஒரு கணக்கு தப்பாப்போனாலும் தூங்காத மனுசன்."

அடுப்பு மேடையில் சாய்ந்தபடியே ஜெனிட்டா எழுதினாள்: நான்காவது கீறல் விரிசல்தான், கிதியோன் தன் எழுத்தைத் திரும்பப் பெறுகிறார். அவருக்கு உடம்பு சரியில்லாததால் மகள் எழுதுவதாகச் சேர்த்தாள்; அப்பா இறந்ததை எழுத விரல் வரவில்லை. அப்படியே அனுப்பினாள்.

கூடத்தில் பாட்டு முடிந்தது. பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் நின்றார்கள். அப்போது பதில் வந்தது.

"கொஞ்சம் இருங்க" என்று ஜெனிட்டா அப்பாவின் காதருகே குனிந்து வாசித்தாள். "நன்றி. நீக்கிவிட்டோம். உடம்பு தேறியதும் அடுத்த பலகையைப் பார்க்கச் சொல்லுங்கள்."

கடைசி வரியையும் விடாமல் வாசித்தாள்.