மாஸ்க் மாமா

கொரோனா வந்து போய் எத்தனை காலம் ஆகிறது! கடலூர் செம்மண்டலத்தில் இன்னமும் மாஸ்க்கைக் கழற்றாத ஒரே ஆள் இளவரசுதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. "எவ்ளோ சுத்தம் பாரு இந்த மனுஷன்" என்று கடைக்கு வருகிறவர்கள் மெச்சிக்கொள்வார்கள். சுத்தமாம் சுத்தம்! அந்த நீலத் துணிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அவன் பெண்டாட்டி ஸ்ரீமதியைக் கேட்டால் சொல்லுவாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் பல் விளக்கும்போது எகிறில், அதான் பல் ஈறில், ரத்தம் எட்டிப் பார்த்தது. மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு டாக்டரிடம் போயிருக்க வேண்டும். இவன் என்ன செய்தான்? ரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் விட்டால் தானே ஆறிவிடும் என்று பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டு, விரலில் பல்பொடியைத் தொட்டு, பட்டும் படாமலும் தடவிக்கொள்ள ஆரம்பித்தான். ஆறவில்லை. நாற்றம்தான் வந்தது. ஏலக்காய் மென்றான், கிராம்பு கடித்தான், உப்புத் தண்ணீர் கொப்பளித்தான். ஒரு நாள், காலேஜ் பெண் ஒருத்திக்குக் கண்ணாடி மாட்டிவிடக் குனிந்தபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

அதற்கப்புறம்தான் கொரோனா வந்தது. ஊரே அதைத் திட்டித் தீர்த்தபோது இவன் ஒருத்தன்தான் மனசுக்குள் கும்பிடு போட்டான். வெட்கக்கேடு, ஆனால் நடந்தது அதுதான்.

சரி, கடையில் மாஸ்க் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். தாய்மாமன் மடிக்கு என்ன செய்வது? அவன் தங்கச்சி அமராவதியைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அவளுடைய ஒரே பெண் அருள்மொழிக்கு இன்னும் காது குத்தவில்லை. அவர்கள் வழக்கப்படி திருவந்திபுரம் கோயிலில் முடியிறக்கி, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தோடும் தாய்மாமன் கொண்டுவர வேண்டும். சொந்தமெல்லாம் நெருக்கியடித்து நின்று போட்டோ எடுக்கும்போது மாஸ்க்கோடு உட்கார்ந்திருக்க முடியுமா? ஒரு வயசில் நாள் குறித்தார்கள். "கடையில ஸ்டாக் எடுக்குறாங்கம்மா" என்று தள்ளிப்போட்டான். மூணாவது வயசில் மறுபடி குறித்தார்கள். "இடுப்பு புடிச்சிக்கிச்சி" என்றான். ஒற்றைப்படை வயசில்தான் குத்துவார்கள்; மூணு முடிவதற்குள் குத்தாவிட்டால் இனி அஞ்சில்தான்.

அந்த இரண்டாவது பொய்யைச் சொல்லிப் போனை வைத்த காலையில்தான் ஸ்ரீமதி தலையணை உறையை உருவிக்கொண்டுவந்து அவன் முன்னால் போட்டாள். உறையில் திட்டுத்திட்டாக ரத்தம்.

"நான் ஏன் செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுக்குறேன்னு உங்களுக்குப் புரியவே புரியாதா? டாக்டர்கிட்ட போய் பல்ல சுத்தம் பண்ணிக்கினு வாங்க."

"சுத்தம் பண்ணா பல்லு ஆடிடும்டி."

"இப்போ மட்டும் என்னவாம், ஆணி அடிச்ச மாதிரியா நிக்குது? நான் பல்லு சுத்தம் பண்ணிக்கப் போறேன்னு கெளம்புனப்போவும் இதையே சொல்லித்தான உக்கார வெச்சீங்க?"

அவன் நாக்கு தானாகவே கீழ்வரிசை முன்பல்லைத் தொட்டுப் பார்த்தது. பல் ஆடியது.

கடலூரில் டாக்டர் இல்லாமலா போய்விட்டார்கள்? தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினான். அங்கே பல் ஆஸ்பத்திரியில் ஜான்சி என்கிற டாக்டர். வாயைத் திறக்கச் சொன்னபோது இளவரசு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அந்தம்மா பின்னால் சாயவில்லை. மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, ஒவ்வொரு பல்லாக ஆழம் பார்த்தார். பக்கத்தில் நின்ற நர்ஸிடம் எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். எண் கூடக்கூட இவன் உடம்பு கூசியது.

"சொத்தை எதுவும் இல்ல. ஈறுதான் கெட்டுப்போயிருக்கு. கடலூர்த் தண்ணிய காய்ச்சுனா பாத்திரத்து அடியில வெள்ளையா படியுமே, அந்த மாதிரி உங்க பல்லுல காரை படிஞ்சிருக்கு. ஈறுக்கு உள்ளயும் எறங்கிடுச்சு. அதுலதான் கிருமி கூடு கட்டிக்கினு, பல்லப் புடிச்சிருக்கிற எலும்ப கரைச்சிருக்கு. வலி இல்லாததால நீங்க கண்டுக்கல."

"ரத்தம் வர்ற எடத்த நான் தொடவே மாட்டேனுங்க மேடம்."

"ரத்தம் வர்ற எடத்தத்தான் நல்லா தேய்க்கணும், மெதுவா. நீங்க விட்டுட்டீங்க, அது வளந்துடுச்சு."

சுத்தம் செய்தால் ஆடாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். "ஏற்கெனவே ஆடுதுங்க. காரை அடைச்சிக்கினு இருக்கறதால தெரியல. எடுத்ததும் தெரியும், பழி எம்மேல விழும்" என்று ஜான்சி சிரித்தார். போன எலும்பு போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்றார். சர்க்கரையும் பார்க்கச் சொன்னார். நல்லவேளை, அது இல்லை.

ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஈறுக்கு உள்ளே வரைக்கும் சுரண்டினார்கள். அதற்காகப் பல தடவை சிதம்பரம் போய்வந்தான். ஒரு தடவைகூடத் தங்கச்சி வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கன்னம் மரத்து, வாய் கோணிக்கொண்டு எப்படிப் போவது? கீழ்வரிசை முன்பல் மட்டும் தேறவில்லை, பிடுங்க வேண்டியதாயிற்று. மற்றதெல்லாம் நின்றன. ரத்தம் நின்றது. ஒரு காலையில் ஸ்ரீமதி சுவரைப் பார்க்காமல் இவன் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அதைப் பார்த்து அவனுக்குச் சந்தோஷத்தைவிட அவமானம்தான் ஜாஸ்தியாக இருந்தது. இத்தனை வருஷம் இவளை என்ன பாடு படுத்தியிருக்கிறோம்!

மாஸ்க்கையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டு, இந்த மாசமே காது குத்திவிடலாம் என்று சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போனான். அவன் போன நேரம் அருள்மொழி தூங்கிக்கொண்டிருந்தாள். அமராவதியின் மாமியார் விருத்தாம்பாள்தான் வாசலில் வரவேற்றாள்.

"வாங்க தம்பி. ஊருக்கு அடிக்கடி வர்றீங்களாம், பஸ் ஸ்டாண்டுல நானே ரெண்டு தரம் பாத்தேன். எங்க வூட்டுக்குத்தான் வழி மறந்துபோச்சு போலருக்கு."

இளவரசு ஈயென்று இளித்தான். வேறென்ன செய்வான்? அமராவதி அவனை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து சின்னச் சிவப்புப் பெட்டி ஒன்றை எடுத்து அவன் கையில் திணித்தாள். திறந்தான். உள்ளே ஒரு ஜோடிக் குழந்தைத் தோடு.

"அண்ணா, நீ ஒண்ணும் சங்கடப்படாத. எங்கிட்ட இருந்த மோதிரத்த அழிச்சி செஞ்சேன். நீ கொண்டாந்ததா சொல்லிக் குடுத்துடு. எங்க மாமியாருக்குத் தெரியவாணாம்."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது காதெல்லாம் சூடேறிப்போனது. தோடு வாங்க வக்கில்லாமல்தான் அண்ணன் நாளைத் தள்ளிக்கொண்டே போகிறான் என்று இவள் நினைத்திருக்கிறாள். மாமியார் அதையே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அவ்வளவையும் இவள் ஒருத்தி வாங்கிக் கட்டிக்கொண்டு, இவன் மானத்தைக் காப்பாற்றத் தன் மோதிரத்தை அழித்திருக்கிறாள்.

"அமரா, தோடு பாப்பா பொறந்த மாசமே வாங்கிட்டேன். எங்கூட்டு பீரோவுலதான் கெடக்குது."

"அப்புறம் என்னாத்துக்கு…?"

"வாய் நாத்தம்மா." சொல்லிவிட்டான். "எகிறு அழுகிப்போச்சு. மாஸ்க்கக் கழட்ட வெக்கமா இருந்துச்சு. அதான் பொய் பொய்யா சொன்னேன்."

அமராவதி அவனையே பார்த்தாள். பிறகு கையிலிருந்த கரண்டியால் அவன் தோளில் ஒன்று வைத்தாள். "அடப்பாவி! இத ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லக்கூடாதா? என் அண்ணன் கஞ்சப்பயன்னு ரெண்டு வருஷமா கேட்டுக்கினு இருக்கேனே!" சொல்லும்போதே அழுதுவிட்டாள். இளவரசு நேராகக் கூடத்துக்குப் போய், விருத்தாம்பாள் எதிரில் நின்று, அதே வார்த்தையை மறுபடி சொன்னான். அந்தக் கிழவி பஞ்சாங்கத்தைக் கொண்டுவரச் சொன்னாள்.

திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள். முடியிறக்குகிற இடத்தில் கூட்டம் நெருக்கியது. புதுவேட்டி கட்டி, பல் விளக்கி, பல்லிடுக்குக்கென்று டாக்டர் கொடுத்த குட்டிப் பிரஷ்ஷாலும் தேய்த்து, வெறும் முகத்தோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தான் இளவரசு. இரண்டு கையையும் நீட்டினான்.

"வாடா தங்கம், மாமா மடிக்கு வா."

அருள்மொழி அம்மா முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். "இது யாரு?"

"மாமாடி."

"இல்ல! இது மாமா இல்ல. மாஸ்க் மாமாதான் வேணும்!" என்று வீறிட்டாள்.

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். இளவரசுக்கு நீட்டிய கை அப்படியே நின்றது. குழந்தை பொய் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து அவள் இந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. அவள் முன்னால் ஒரு வாய் தண்ணீர்கூட அவன் குடித்ததில்லை. சொந்த மருமகளுக்கே முகம் காட்டாத தாய்மாமன் இந்த ஜில்லாவிலேயே இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

எவ்வளவு கொஞ்சியும் வரவில்லை. கடைசியில் ஸ்ரீமதி கைப்பையைத் துழாவி, அடியில் கிடந்த ஒரு மாஸ்க்கை எடுத்து, அவன் கண்ணைப் பார்க்காமல் நீட்டினாள். அவன் அதை வாங்கி மாட்டிக்கொண்டான். உடனே குழந்தை ஓடிவந்து மடியில் உட்கார்ந்துகொண்டாள். மொட்டையடித்தார்கள், தலையில் சந்தனம் பூசினார்கள், தாய்மாமன் மாஸ்க்கோடு போட்டோவுக்குச் சிரித்தான்.

பத்தர் ஒரு காதைக் குத்தியதும் அலறினாளே ஒரு அலறல்! "எரியுது மாமா, ஊது, ஊது!"

ஊதினான். துணியைத் தாண்டிக் காற்று எங்கே வரும்? அருள்மொழி அழுதுகொண்டே அந்த மாஸ்க்கைப் பிடித்துக் கீழே இழுத்தாள். பழக்கதோஷம், இளவரசு சட்டென்று வாயை மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் சந்தனக் கையால் அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஊது மாமா!"

கிட்டே போய் ஊதினான். அவள் தலையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. அழுகையை நிறுத்திவிட்டு, அவன் வாயையே உற்றுப் பார்த்து, பல் போன ஓட்டையில் விரலை வைத்தாள்.

"இங்க பல்லு எங்க?"

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். இளவரசுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது, முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனாலும் திருப்பாமல் அப்படியே வைத்துக்கொண்டு, பத்தரைப் பார்த்து அடுத்த காதைக் குத்தச் சொன்னான்.